மாப்பிள்ளையும் பாதி ஸ்பாஞ்சும்

பிப்ரவரி 26

நாத்தனாருக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் ஆரம்பிக்கவில்லை.

“என்னை எப்போ துரத்தலாம்னுதானே காத்திருந்தீங்க” என்று நீ படியில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னதும், “இனி உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு” என்று நான் சொன்னதும், “நானும்தான்” என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதும் அப்படியேதான் இருக்கின்றன. என் சொல்லில் மாற்றமில்லை. ஆனால் எழுதுவது பேச்சில் சேராது.

முதலில் உன் அண்ணனிடம் சொல்லியனுப்பலாம் என்றுதான் பார்த்தேன். “நான் லிஃப்ட் மெக்கானிக். நானே லிஃப்ட் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சேதியை ஏத்தி இறக்க என்னால ஆகாது” என்று கையை விரித்துவிட்டார். போனில் செய்தி அனுப்பலாம் என்றால் நீ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆகவே தபால்.

விஷயம் உன் மாப்பிள்ளை பற்றியது. தபால்காரர் பிரித்துப் படித்தால் தப்பாக நினைப்பார். உன் ஆஸ்கர் மீனைப் பற்றியது. “உனக்கு மாப்பிள்ளை பாக்கட்டுமா” என்று நான் கேட்ட வாரம்தான் உள்ளங்கையில் அடங்குகிற மீன் ஒன்றை வாங்கி வந்து, “இதோ பாத்தாச்சு” என்று காட்டினாய். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குணமும் அதேதான். சாப்பாடு தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போட்டது பிடிக்கவில்லை என்றால் என் கண் முன்னாலேயே துப்புகிறார்.

இப்போது அவர் ஓரடிக்கு வளர்ந்து நிற்கிறார். அந்த மூன்றடித் தொட்டியில் திரும்புவதற்குள் மூக்கு ஒரு பக்கம் இடிக்கிறது, வால் ஒரு பக்கம் இடிக்கிறது. முந்தாநாள் டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், தொட்டி மூடி ஒரு மூலையில், தரையெல்லாம் தண்ணீர், மாப்பிள்ளை என் செருப்புக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கிறார். ஈரத் துண்டால் அள்ளி உள்ளே போட்டேன். அவர் நிதானமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னை முறைத்தார். நான்தான் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்குப் பெரிய மீன் கேட்கிறார்களாம். கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். உன் அண்ணன் அதற்குள் ஆறடித் தொட்டிக்கு அளவெடுத்துவிட்டார். அவருக்கு அளவுதான் தெரியும், மீன் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

இன்னொன்று. பழைய தொட்டியின் வடிகட்டியில் இருக்கிற ஸ்பாஞ்சு பாதிதான் இருக்கிறது. எலி கடித்ததா?

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். (எங்கள் கம்பெனியில் சலவை இயந்திரம் பற்றி யார் புகார் செய்தாலும் இந்த இரண்டு வரியைச் சொல்லாமல் மூன்றாவது வரிக்குப் போகக் கூடாது. கை பழகிவிட்டது. நீங்களாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

மாப்பிள்ளையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஹோட்டல்காரர்கள் வருகிறவன் போகிறவனெல்லாம் கண்ணாடியைத் தட்டட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவருக்குத் தட்டினால் ஆகாது.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் போதும். ஒட்டிய பசை காய்ந்து வினிகர் வாசனை முழுவதும் போகிறவரை தண்ணீர் விடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் டிரம்மில் பிடித்து வைத்து அது போன பிறகே ஊற்ற வேண்டும். அவர் வெப்பநாட்டு மீன். தண்ணீர் குளிர்ந்தால் சுருண்டுவிடுவார். ஹீட்டர் கட்டாயம். வடிகட்டிப் பெட்டியில் பீங்கான் வளையங்களைக் கொட்டி, அதன் மேல் பழைய ஸ்பாஞ்சை அப்படியே வைக்கவும். பின்னால் அழுக்குச் சேர்ந்தால் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். காரணம் எழுத நேரமில்லை.

ஸ்பாஞ்சை எலி கடிக்கவில்லை. நான்தான் கத்திரியால் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அது என் ஸ்பாஞ்சு.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தொட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? என் அறையில்தானே? வீட்டிலேயே ஆறடிக்குக் காலிச் சுவர் அங்கேதான் இருக்கிறது. இந்த ஊர் வேலைக்கு நான் கிளம்பிய அன்றைக்கு, நான் செருப்பு மாட்டுவதற்குள்ளேயே நீங்கள் கிருமிநாசினி வாளியோடு என் அறை வாசலில் நின்றீர்கள். எனக்கு மறக்கவில்லை. அப்படித்தான் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். லீவில் வந்தால் எங்கே தங்குவது என்று நான் இப்போதே பார்த்துக்கொள்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
நாத்தனார்


மார்ச் 20

மாப்பிள்ளையின் சொந்தக்காரிக்கு,

தொட்டி எழுந்துவிட்டது. வந்துவிட்டது என்று எழுத முடியாது. உன் அண்ணன் கதவை அளந்தார், தொட்டியை அளந்தார், மறுபடியும் கதவை அளந்தார், “இது முழுசா உள்ள நுழையாது” என்றார். கண்ணாடிக்காரர் பலகை பலகையாகத் தூக்கி வந்து வீட்டுக்குள்ளேயே வைத்து ஒட்டினார். ஒரு வாரம் வீடு முழுக்க வினிகர் நாற்றம். பக்கத்து வீட்டம்மா ஊறுகாய் கேட்டு வந்துவிட்டாள்.

உன் அண்ணனுக்கு எடையைக் கிலோவில் சொல்ல வராது என்று உனக்குத் தெரியுமே. லிஃப்டில் எழுதுகிற மாதிரிதான் சொல்வார். கண்ணாடி, தண்ணீர், மணல், இரும்பு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, “பதிமூணு பேரு” என்றார். “பதிமூணு பேரு ராவும் பகலும் ஒரே இடத்துல நிக்கப் போறாங்க, ஒருத்தரும் இறங்க மாட்டாங்க. தரை தாங்குமான்னு முதல்ல பாக்கணும்” என்று குப்புறப் படுத்துத் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காது குத்துகிற வயதில் குழந்தை தவழ்வது போல வீடு முழுக்கத் தவழ்ந்தார். ரசமட்டத்தை வைத்து ஸ்டாண்டை நிமிர்த்தினார். குமிழி நடுவில் நிற்கிறவரை சாப்பிடக்கூட வரவில்லை. அதன் மேல் தெர்மோகோல் விரித்து, அதன் மேல் தொட்டி. வெறும் தண்ணீரை நிரப்பி நாலு நாள் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ அணை கட்டித் திறந்த மாதிரி.

நடைவழி முழுக்க டிரம். குளியலறைக்கு ஒருக்களித்துத்தான் போகிறேன். எல்லாம் உன் மாப்பிள்ளைக்காக.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெரிய வாளியில் விட்டு, மேலே ஈரத் துண்டு போட்டு மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்ப் புதுத் தொட்டியில் இறக்கினோம். ஒரு சுற்று சுற்றினார். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஒரு மூலைக்குப் போய் ஒருக்களித்துப் படுத்துவிட்டார். நான் கூப்பிட்டேன், அசையவில்லை. இறாலைக் காட்டினேன், திரும்பவில்லை. உன் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்னமோ ஆகிப்போச்சு” என்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழவில்லை. கலங்கியது, அவ்வளவுதான். உன் ஸ்பாஞ்சை நீ சொன்னபடி அப்படியேதான் வைத்தேன். வேறு என்ன தப்பு செய்தோம்? உடனே எழுது.

தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் பதில் கிடையாது. உன் தொட்டியால் என் பீங்கான் கோப்பைகள் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அதைக் கேட்க ஒரு நாதியில்லை.

அண்ணி


மார்ச் 26

அண்ணிக்கு,

மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்து அலுவலகத்திலேயே சிரித்துவிட்டேன். என் சூபர்வைசர் எட்டிப் பார்த்தார். ஆஸ்கர் மீனுக்கு இடம் மாற்றினால் பிடிக்காது. ஒருமுறை நான் ஒரு கூழாங்கல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினேன், அதற்கே இரண்டு நாள் செத்தவர் மாதிரி கிடந்தார். கெஞ்சாதீர்கள். கெஞ்சினால் அதையே பழக்கமாக்கிக்கொள்வார். விளக்கை அணைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், பசித்தால் தானாக எழுந்து வருவார். இனி அவர் என்ன கூத்தடித்தாலும் கண்டுகொள்ளவே வேண்டாம்.

அண்ணன் தவழ்ந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பதிமூன்று பேர் என்றதும் எனக்கு அண்ணன் குரலே கேட்டது.

இங்கே என் வேலை மன்னிப்புக் கேட்பது. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவர் மாற்றி ஒருவர். தண்ணீர் போகவில்லை, மன்னிக்கவும். கதவு திறக்கவில்லை, மன்னிக்கவும். ஒருத்தர் இயந்திரத்துக்குள் போட்ட இரண்டு காலுறையில் ஒன்றுதான் திரும்பி வருகிறது என்று வாரா வாரம் கூப்பிடுகிறார். அவரிடமும் கேட்கிறேன். அன்றைக்குப் படியில் நான் சொன்னதற்கு நீங்கள் ஒரு மன்னிப்பை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் டியூட்டி நேரத்துக்கு வெளியே நான் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஸ்பாஞ்சை எதற்கு எடுத்து வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜன்னல் திண்டில் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னத் தொட்டி வாங்கியிருக்கிறேன். அதில் விரல் நகம் அளவில் நாலு கப்பி மீன்கள். நம் வீட்டு ஸ்பாஞ்சுதான் அதில் இருக்கிறது. இந்த ஊரில் நான் கதவைத் திறந்தால் திரும்பிப் பார்க்கிறவர்கள் அந்த நாலு பேர்தான்.

தொட்டி எங்கே என்று நீங்கள் சொல்லாததிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பரவாயில்லை. மாப்பிள்ளையாவது என் அறையில் சௌகரியமாக இருக்கட்டும்.

நாத்தனார்


ஏப்ரல் 3

மாப்பிள்ளையின் சொந்தக்காரிக்கு,

நீ சொன்னது சரிதான். விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸ் சத்தம் கேட்டதும் கண்ணாடியோரம் வந்து நின்றார். “என்ன, வெறுங்கையோட வந்திருக்கே?” என்று கேட்பது போலவே ஒரு பார்வை. இப்போது என் விரலிலிருந்தே வாங்கிச் சாப்பிடுகிறார். நான் சேலை மாற்றினால்கூடக் கவனிக்கிறார், உன் அண்ணன் கவனிப்பதில்லை. இந்தக் களேபரத்தில் இளைத்துவிட்டாரே என்று வேளைக்கு ஒரு பிடி கூடுதலாகவே போடுகிறேன். மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டு அளந்து போடுவது எனக்கு வராது.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று வைத்திருக்கிறேன். நேற்று முன்தினம் அந்த வடிகட்டிப் பெட்டியைத் திறந்தேன். ஐயோ, அதை என்னவென்று சொல்ல! உன் ஸ்பாஞ்சு பழுப்பேறி, பிசுபிசுவென்று, தொட்டால் கையோடு வருகிறது. வளையங்கள் மேலும் அதே பிசுக்கு. இந்தத் தண்ணீரையா ஒரு வாயில்லா ஜீவன் சுவாசிக்கிறது! நீ ‘லேசாக அலசினால் போதும்’ என்று எழுதியிருந்தாய். நான் ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். லேசாக அலசுவதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

எல்லாவற்றையும் பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பழைய ஆட்டோகிளேவ் ஒன்று தனியாக இருக்கிறது. நோயாளிகளின் கருவி எதுவும் அதில் போகாது. ஸ்பாஞ்சு, வளையம் எல்லாவற்றையும் தேய்த்து, துணியில் பொதிந்து, டேப் ஒட்டி, கொதிநீராவியில் முழுச் சுற்று ஓட்டினேன். அந்த டேப்பில் ஒரு துண்டை இதோடு வைத்திருக்கிறேன். கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா? அதற்குள் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை என்று அர்த்தம். இந்த ஊரிலேயே சுத்தமான மீன் தொட்டி நம் வீட்டில்தான். உன் மாப்பிள்ளைக்கு நான் செய்த மரியாதை என்று வைத்துக்கொள்.

இன்று காலையிலிருந்து அவருக்கு மறுபடியும் முறுக்கு. இந்த முறை படுக்கவில்லை. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறார். சாப்பாட்டையும் தொடவில்லை. நீ சொன்னபடி நான் கண்டுகொள்ளவே இல்லை. நானும் பழகிக்கொண்டேன் பார்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

இந்தச் சீட்டும் இந்த டப்பாவும் பஸ்ஸில் ஒன்றாக வருகின்றன. முதலில் டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சை அப்படியே வடிகட்டிப் பெட்டியில் வையுங்கள். அப்படியே. அலசக்கூட வேண்டாம். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

வைத்துவிட்டீர்களா?

நேற்றுப் போனில் பாதி நேரம் நீங்கள் அழுதீர்கள், பாதி நேரம் நான் கத்தினேன், சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லவில்லை. கம்பெனி நம்பருக்கு அடித்தால் அது பேச்சில் சேராது, புகாரில்தான் சேரும் என்று உங்களுக்குத் தோன்றியதே, உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை அண்ணி. முதலில் எடுத்த பையன் இன்னும் தெளியவில்லை. “அக்கா, ஒரு அம்மா, மாப்பிள்ளைக்கு மூச்சுத் திணறுதுன்னு அழறாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கம்மான்னா, ஆம்புலன்ஸ்ல தண்ணி இருக்குமாங்கறாங்க” என்று என்னிடம் ஓடி வந்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எடுத்ததும் பழக்கதோஷத்தில், “ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்றேன். நீங்கள் அந்த அழுகையிலும், “அது டியூட்டி மன்னிப்பு, கணக்குல வராது” என்றீர்கள். அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறது. சூபர்வைசர் முழுவதையும் கேட்டுவிட்டு, “தொட்டித் தண்ணியைப் பாதி மாத்தச் சொன்னீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

லேசாக அலசச் சொன்னதற்கு நான் எழுதாமல் விட்ட காரணம் இதுதான். மீன் கழிக்கிறதெல்லாம் தண்ணீரில் நஞ்சாகிறது. அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற கிருமிகள் இருக்கின்றன. அந்தப் பழுப்புப் பிசுக்கில்தான் அவை குடியிருந்தன. நீங்கள் அழுக்கு என்று பார்த்தது ஒரு ஊர். ஏழு வருஷமாகப் பெருகிய ஊர். அத்தனை பேரையும் வேகவைத்து, டேப் ஒட்டி, அத்தாட்சியும் அனுப்பிவிட்டீர்கள்! அதற்கு மேல் ஒரு பிடி கூடுதல் சாப்பாடு வேறு.

தப்பு உங்களுடையது மட்டுமில்லை. ‘காரணம் எழுத நேரமில்லை’ என்று எழுதினேனே, நேரம் இருந்தது. உங்களுக்கு விளக்கிச் சொல்ல மனசுதான் வரவில்லை. கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

இது நான் வெட்டி எடுத்து வந்த பாதி. அதே ஊர்தான், இங்கே பிழைத்திருக்கிறது. கண்டக்டர், “இதுல என்னம்மா?” என்றார். “அழுக்கு” என்றேன். “அழுக்கையா பார்சல் பண்றீங்க?” என்றார். வெயில் படாமல் வைக்கச் சொல்லி, நிற்கிற இடத்திலெல்லாம் மூடியைக் கொஞ்சம் திறந்து மூடச் சொல்லிக் கெஞ்சினேன். நல்ல மனிதர். தன் சீட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார்.

தினமும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். டிரம்மில் நின்ற தண்ணீராக இருக்கட்டும், சூடும் ஒத்துப்போகட்டும். காற்றுக் குழாயை நிறுத்தாதீர்கள். சாப்பாடு போடவே போடாதீர்கள். பாவமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஸ்பாஞ்சு இல்லாமல் என் நாலு பேருக்கும் நான் தினம் தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்வேன்.

அவர் பிழைக்க வேண்டும் அண்ணி. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல இப்போது அவர் ஒருத்தர்தான் மிச்சம்.

நாத்தனார்


ஏப்ரல் 17

பாப்பாவுக்கு,

ஸ்கூலுக்கு உனக்குப் பின்னல் போட்டுவிட்ட காலத்தில் இப்படித்தான் கூப்பிடுவேன். இனி இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். முறைத்தால் முறைத்துக்கொள்.

மாப்பிள்ளை பிழைத்துவிட்டார்.

உன் அண்ணன் டப்பாவைப் பஸ் நிலையத்திலிருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். இத்தனை வருஷ சர்வீஸில் முதன்முதலாக அழுக்கை இரண்டு கையாலும் வாங்கினேன். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். பிறகு தினம் தண்ணீர் மாற்றுவதே வேலையாகிவிட்டது. உன் அண்ணன் டிரம்மிலிருந்து மொண்டு கொடுக்க, நான் சூடு பார்த்து ஊற்ற, இரண்டு பேருக்கும் இடுப்பு போய்விட்டது. முதல் இரண்டு நாள் அவர் மேலேயேதான் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். செதிலெல்லாம் வெளுத்துவிட்டது. நான் லீவு போட்டு நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “போயிடாதீங்க மாப்பிள்ளை, அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்” என்று வாய்விட்டே சொன்னேன். மூன்றாம் நாள் கீழே இறங்கினார். அதற்கப்புறம் நிறம் திரும்பியது. நேற்று ஒரே ஒரு இறால் போட்டேன். வாங்கினார், மென்றார், என் முகத்துக்கு நேராகத் துப்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழைய மாப்பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில்.

தொட்டியை உன் அறையில் வைக்கலாம் என்றுதான் உன் அண்ணன் சொன்னார். தரையைத் தட்டிப் பார்த்து, “பதிமூணு பேரும் இங்க தாராளமா நிக்கலாம்” என்றார். நான்தான் முடியவே முடியாது என்றேன். அங்கே பதிமூன்று பேர் நின்றால் நீ வந்து எங்கே படுப்பாய்? கூடத்தில் என் கண்ணாடி அலமாரி நின்ற இடத்தில்தான் தொட்டி நிற்கிறது. அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று உங்கள் எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தேனே, என் கோப்பைகள் இருந்த அதே அலமாரிதான். கோப்பைகள் கட்டிலுக்கு அடியில் என்று எழுதினேன். உனக்கு உறைக்கவில்லை. நீ அறையையே பிடித்துக்கொண்டு தொங்கினாய்.

உன் கட்டில் அப்படியே இருக்கிறது. நீ பாதியில் விட்டுப் போன ஷாம்பு பாட்டில்கூட அப்படியேதான் இருக்கிறது.

அன்றைக்கு நான் வாளியோடு நின்றேன் என்றாயே. எனக்கு அழுகை வந்தால் எதையாவது கழுவுவேன், பாப்பா. உன் அண்ணனைக் கேட்டுப் பார். என் அம்மா போன அன்றைக்கு முழு வீட்டையும் இரண்டு தடவை கழுவினேன். நீ பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்ததும் கை தானாக வாளியை எடுத்துவிட்டது. துரத்துவதற்காக நின்றேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. நீ இந்த வீட்டில் பிறந்தவள். நான்தான் கல்யாணமாகி இங்கே வந்தவள். வந்தவளைப் போய் வீட்டுக்காரியாக்கி, உன்னை நீயே விருந்தாளியாக்கிக்கொண்டாயே, அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அந்த வீட்டில் மீன் ஒன்றுதான் மிச்சம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் சமையலறை, குளியலறை, மாடிப்படி மூன்றையும் கழுவினேன்.

உன் ஸ்பாஞ்சு இங்கே நன்றாக ஊறி, நான் வேகவைத்த பாதிக்கும் பிசுபிசுப்பு ஏற்றிவிட்டது. அதில் பாதியை வெட்டி அதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் நாலு பேரும் எத்தனை நாள் கஷ்டப்படுவார்கள்? வெட்டிய கத்திரிக்குக் கிருமி நீக்கம் செய்யவில்லை. என் வாழ்க்கையில் இது முதல் தடவை, தெரிந்துகொள்.

உன்,
அண்ணி


ஏப்ரல் 22

என் அண்ணிக்கு,

ஸ்பாஞ்சு வந்து சேர்ந்தது. கண்டக்டர் கொடுக்கும்போதே, “அதே அழுக்கா, வேற அழுக்கா?” என்றார். “பாதி அதே, பாதி வேற” என்றேன். என் நாலு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது பிரித்தேன். சாப்பாடு அப்படியே இருந்தது. அதன் பிறகு கூப்பிட்ட காலுறைக்காரரிடம் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினேன். “பரவால்லம்மா, ஒரு காலுறைதானே, இதுக்குப் போய் அழாதீங்க” என்று அவர் என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் புகாரையே வாபஸ் வாங்கிவிட்டார். சூபர்வைசர் ஒன்றும் கேட்காமல் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு யாராவது ஒரு வார்த்தை சத்தமாகப் பேசினாலே, கிளம்பச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிடும். நீங்கள் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நானாகவே கற்பனை செய்துகொண்டு, படியில் நின்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்தேன். உங்கள் கண்ணாடி அலமாரியை நீங்களே எடுப்பீர்கள் என்று யாராவது சத்தியம் செய்திருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது ஷிஃப்ட் முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். எதுவும் பதிவாகவில்லை, யாரும் கேட்கவில்லை, இதற்குச் சம்பளமும் கிடையாது. என்னை மன்னிச்சிடுங்க அண்ணி.

இது கணக்கில் வருமா?

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போன் செய்யாதீர்கள். எடுத்தால் இரண்டு பேரும் அழுவோம், அண்ணன் பயந்துவிடுவார். மாப்பிள்ளையிடம் நான் வருவதைச் சொல்லி வையுங்கள். இத்தனை நாள் விட்டுவிட்டுப் போனதற்கு எப்படியும் முறுக்கிக்கொள்வார். நான் கூடத்திலேயே உட்கார்ந்து கெஞ்சிக்கொள்கிறேன்.

நான் வருகிறேன் என்று தெரிந்ததும் நீங்கள் வாளியை எடுத்திருப்பீர்கள். என் அறையை ரொம்பத் தேய்க்காதீர்கள். லேசாக அலசினால் போதும்.

உங்கள்,
பாப்பா